கார்டு செத்துவிட்டதா? முதலில் சோதித்துப் பாருங்கள்

ஒரு திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில், படிவம் நான்கு மாணவர் ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக்கூடாது என்பதால், கணித நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வரைந்து எடுத்து வந்திருந்தார். கணினித் திரை ஒன்று. அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

“டீச்சர், கேம் விளையாடினா இருபது நிமிசத்துல ஸ்கிரீன் முழுக்க இந்த மாதிரி வருது. கடையில காட்டினோம். கிராபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு, புதுசு தொள்ளாயிரம் வெள்ளின்னு சொல்லிட்டாங்க.”

அந்தக் கார்டு புதியதன்று. போன ஆண்டு 450 வெள்ளிக்கு இரண்டாம் கையாக வாங்கியது. பாதிப் பணம், பள்ளி விடுமுறையில் மாமாவின் கடையில் உதவி செய்து அவரே சேர்த்தது. மீதியைக் கொடுத்தவர் லாரி ஓட்டும் அப்பா. “விளையாடி விளையாடியே கெடுத்துட்டே” என்பது அப்பாவின் தீர்ப்பு. இனிப் புதிது வாங்கித்தரும் பேச்சே இல்லை என்பது தண்டனை.

“கடையில் என்னென்ன சோதித்துப் பார்த்தார்கள்?” என்று கேட்டேன்.

“ஆன் பண்ணாங்க. கட்டம் வந்ததும் சொல்லிட்டாங்க, டீச்சர்.”

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் பத்துக் கணினிகளைப் பார்க்க வேண்டியவருக்கு ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஒதுக்க முடியாது. ஆனால் பரிசோதனை செய்யாமல் சொல்லும் முடிவை நாம் அறிவியல் வகுப்பில் என்னவென்று அழைப்போம்? ஊகம் என்போம். ஊகத்துக்குத் தொள்ளாயிரம் வெள்ளி கொடுப்பதற்குமுன் ஒரு வாரம் சோதித்துப் பார்ப்போம் என்றேன். அந்த ஒரு வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

திரை என்ன சொல்கிறது?

முதலில், திரையில் கட்டம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். வழக்கமான கணினித் திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள். பெருக்கினால் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ஒரு வினாடிக்கு 60 படங்கள் என்றால், வினாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் அதிகமான புள்ளிகளின் நிறத்தைக் கிராபிக்ஸ் கார்டு முடிவு செய்கிறது. ஒவ்வொரு நிறமும் நினைவகத்தில் 0, 1 என்ற எண்களாகவே இருக்கிறது.

சிவப்பு நிறத்தின் அளவு 10 என்று வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 00001010. நினைவகம் சூடேறியோ பழுதாகியோ முதல் இலக்கம் மட்டும் 1 ஆக மாறிவிட்டால் 10001010 ஆகிவிடும். அதன் மதிப்பு 138. ஏறக்குறையக் கறுப்பாக இருக்க வேண்டிய புள்ளி திடீரெனச் சிவப்பாக மின்னும். ஒரே ஓர் இலக்கம் பிறழ்ந்ததன் விளைவு இது.

பிறழ்வு எங்கே நேர்கிறது என்பதைப் பொறுத்துக் கோளாறின் தோற்றமும் மாறும். விளையாட்டில் வரும் மனிதர், மரம், கட்டடம் எல்லாம் ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆனவை. ஒரு முக்கோணத்தின் முனை எங்கே இருக்கிறது என்ற எண் பிறழ்ந்தால், அந்த முனை திரையின் மறுகோடிக்குப் பாயும். வீரனின் தோளிலிருந்து வானம்வரை ஓர் ஈட்டி நீண்டதுபோல் தெரியும். சுவரின்மேல் ஒட்டும் படத்தின் எண்கள் பிறழ்ந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். படம் நடுவில் வெட்டுப்பட்டு மேல்பாதியும் கீழ்பாதியும் பொருந்தாமல் போனால் அது பழுதே அன்று. கார்டின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். விளையாட்டின் அமைப்புகளில் வி-சிங்க் என்பதை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆகவே, அந்த மாணவர் நோட்டில் வரைந்து வந்த படம் வெறும் புகார் அன்று. அது ஓர் உற்றறிதல் பதிவு.

செலவில்லாத முதல் சோதனை

“கட்டம் வரும்போது ஸ்கிரீன்ஷாட் எடு. பிறகு அந்தப் படத்தை உன் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்” என்றேன்.

இந்தச் சோதனைக்கு ஒரு சென் செலவில்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது கார்டு வரைந்து முடித்த படத்தின் நகல். அது கேபிள் வழியாகத் திரைக்குப் போவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. நகலிலும் கட்டம் இருந்தால் கோளாறு படம் வரையும் இடத்தில் இருக்கிறது. நகல் சுத்தமாக இருந்து திரையில் மட்டும் கட்டம் தெரிந்தால் கேபிளையும் திரையையும்தான் முதலில் பார்க்க வேண்டும். முப்பது வெள்ளிக் கேபிளை மாற்றினால் தீரக்கூடிய கோளாறுக்குப் புதுக் கார்டு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பதில் வந்தது. நகலிலும் கட்டம் இருந்தது. கேபிளும் திரையும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீங்கின.

அடுத்து இரண்டு கேள்விகள். கணினியைத் தொடங்கியதும் வரும் பயாஸ் திரையில் கட்டம் தெரிகிறதா? தெரிந்தால் விண்டோஸையோ டிரைவரையோ குறை சொல்ல முடியாது. ஏனெனில் அவை இன்னும் இயங்கவே தொடங்கவில்லை. எல்லா விளையாட்டிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த விளையாட்டின்மீதோ டிரைவரின்மீதோ சந்தேகம் கூடும். மாணவரின் பயாஸ் திரை சுத்தமாக இருந்தது. ஆனால் மூன்று விளையாட்டுகளிலும், தொடங்கி இருபது நிமிடங்களுக்குப் பிறகு கட்டங்கள் வந்தன. வெப்பமானியாகச் செயல்படும் ஒரு மென்பொருளை இயக்கிப் பார்த்தபோது கார்டின் வெப்பநிலை 91 பாகை செல்சியஸ். விளையாடும்போது 65 முதல் 85 பாகைவரை போவது வழக்கம்தான். 91 அதற்கும் மேல்.

கருதுகோள் தயார். வெப்பம் கூடுவதால் கட்டம் வருகிறது.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே

புதன்கிழமை மாணவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேராக வைத்தாராம். ஒன்றரை மணி நேரம் விளையாடியும் கட்டமே வரவில்லை.

“வேறு ஏதாவது மாற்றினாயா?”

சற்றுத் தயங்கினார். “டிரைவரையும் பழசை அழிச்சிட்டுப் புதுசு போட்டேன், டீச்சர்.”

அப்படியானால் கட்டத்தை விரட்டியது விசிறியா, புது டிரைவரா? யாருக்கும் தெரியாது. தற்சார்பு மாறி ஒன்றுதான் இருக்க வேண்டும், மற்றவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் என்று ஆரம்பப் பள்ளியிலிருந்து எழுதி வருகிறோம். தேர்வுத் தாளில் அதற்கு முழுப் புள்ளி வாங்குகிறோம். வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். மாணவரை மட்டும் சொல்லவில்லை. கோளாறு என்றதும் இணையத்தில் கிடைக்கும் பத்து யோசனைகளை ஒரே இரவில் செய்து பார்ப்பதுதான் நம் எல்லாருடைய பழக்கமும். சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் மீண்டும் வந்தால் மீண்டும் பத்தையும் செய்ய வேண்டும்.

அன்றிரவு அவர் தகட்டை மாட்டினார், விசிறியை எடுத்தார், புது டிரைவரை அப்படியே விட்டார். இருபத்திரண்டாவது நிமிடத்தில் கட்டம் வந்தது. டிரைவர் நிரபராதி. வெப்பம்தான் காரணம் என்பதற்கு இப்போதுதான் சான்று கிடைத்தது.

சனிக்கிழமை கார்டை வெளியே எடுத்தோம். பொந்தியான் கடலோர ஊர். மலாக்கா நீரிணையிலிருந்து ஈரமும் உப்பும் கலந்த காற்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. கணினி வைத்திருந்த மேசைக்கு நேர் மேலே சாமி மேடை. தினமும் விளக்கு, வெள்ளிதோறும் சாம்பிராணி. எண்ணெய்ப் புகையும் தூசும் சேர்ந்து, வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அடைத்திருந்தன. காற்று போக வழியில்லை. மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தோம். காய்ந்துபோன வெப்பப் பசையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் புதிது தடவினோம். பசைக்குச் செலவு பதினைந்து வெள்ளி.

91 பாகை 74 ஆனது. இரண்டு மணி நேரம் விளையாடியும் கட்டம் வரவில்லை. சாமி மேடையை நகர்த்த அம்மா ஒப்பவில்லை. கணினிதான் அடுத்த சுவருக்கு நகர்ந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எப்போதாவது ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் மின்னின. கார்டின் நினைவக வேகத்தைச் சற்றுக் குறைத்ததும் அவையும் நின்றன. அதாவது நினைவகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இரண்டாம் கைக் கார்டுகளில் இது நடக்கக்கூடியது. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற மின்னியல் நாணயம் தன் இயங்குமுறையை மாற்றியபோது, அதுவரை இரவும் பகலும் நாணயக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. வாங்குபவருக்கு அவற்றின் முன்கதை தெரிய வழியில்லை. ஆக, கடைக்காரர் சொன்னது முற்றிலும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. கார்டு நோய்வாய்ப்பட்டிருந்தது, சாகவில்லை.

நான் செய்த தவறு

ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் என்னிடம் ஒரு பழைய கார்டு இருந்தது. அதிலும் இதேபோல் கோடுகள் வந்தன. “அடுப்பில் வைத்துச் சுட்டால் ஈயப்பற்று உருகிச் சரியாகிவிடும்” என்று யாரோ சொன்னதை நம்பி, பெரியம்மா கேக் சுடும் ஓவனில் 200 பாகையில் பத்து நிமிடம் வைத்தேன். கார்டு இரண்டு வாரம் ஓடியது. பிறகு அடியோடு நின்றது. பெரியம்மாவின் ஓவனில் பிளாஸ்டிக் நாற்றம் போகப் பல நாளானது.

இன்று வேதியியல் கண்ணோடு பார்த்தால் அது எவ்வளவு அறிவீனம் என்று புரிகிறது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையிலிருந்து மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த பற்றாசு பரவலானது. அது உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். 200 பாகை ஓவனில் அது உருகவே உருகாது. வெப்பத்தில் பொருள்கள் விரிந்து, விட்டுப்போன இணைப்பு தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதேவேளையில், 105 பாகைக்கு மேல் தாங்காத மின்தேக்கிகளை நான் வேகவைத்துவிட்டேன். உணவு சமைக்கும் அடுப்பில் நச்சுப் புகையையும் ஏற்றினேன். அந்த யோசனை இன்னும் இணையத்தில் உலவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இணைப்பு ஏன் விட்டுப்போகிறது? சிலிக்கான் சில்லு வெப்பத்தில் குறைவாக விரியும். அது உட்கார்ந்திருக்கும் பலகை ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் விரியும். 20 மில்லிமீட்டர் அகலச் சில்லு 60 பாகை சூடேறினால், இரண்டின் விரிவுக்கும் இடையே சுமார் 0.014 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருக்கும் நுண்ணிய பற்றாசு உருண்டைகள் ஒவ்வொரு முறையும் இழுபடுகின்றன. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல், ஆயிரம் முறை சூடேறிக் குளிர்ந்தபின் விரிசல் விழுகிறது.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகள் சிவப்பு விளக்கு எரிந்து செயலிழந்தன. 2007 ஜூலையில் அந்நிறுவனம் அவற்றின் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்காக நூறு கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் ஒதுக்கியது. சூடேறிக் குளிர்வதில் உள்ளிணைப்புகள் முறிந்ததே காரணம் என்று பின்னர் அதன் பொறியாளர்கள் விளக்கினார்கள். 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிகளுக்கான தன் சில சில்லுகளின் பொதியுறைப் பொருளில் இருந்த குறைபாட்டுக்காக 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அப்போது எத்தனை வீடுகளில் பிள்ளைகள்மீது “விளையாடியே கெடுத்துட்டே” என்ற பழி விழுந்திருக்கும்!

பழி தவறான இடத்தில் விழுவதற்கு அண்மைய எடுத்துக்காட்டும் உண்டு. 2024இல் பல விளையாட்டாளர்களின் கணினிகள் “கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை” என்று செய்தி காட்டி நின்றன. பலர் கிராபிக்ஸ் கார்டையே சந்தேகித்தார்கள். உண்மையில் கோளாறு இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மையச் செயலிகளில் இருந்தது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் செயலியைத் தளர்த்தியதாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. கணினியே திரையில் எழுதிக் காட்டிய காரணம் தவறாக இருந்தது. அறிகுறி வேறு, நோய் வேறு.

“விளையாட்டுக்கு வக்காலத்தா?”

சில பெற்றோர் இதைப் படித்துவிட்டு, மாணவர்கள் கேம் விளையாடுவதற்கு ஓர் ஆசிரியரே வக்காலத்து வாங்குகிறாரே என்று கேட்கக்கூடும். எஸ்பிஎம் ஆண்டில் இரவு இரண்டு மணிவரை விளையாடுவதை நான் ஆதரிக்கவில்லை. நான் ஆதரிப்பது கோளாறு வந்தபின் தொடங்கும் அந்த ஒரு வாரத்தை.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் பரிசோதனைகளுக்கெல்லாம் விடை முன்பே தெரியும். விடை வராவிட்டால் மாணவர்கள் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். பழுதான கணினிக்குப் பின்பக்கத்தில் விடை இல்லை. பக்கத்து மேசையும் இல்லை. அங்கேதான் உற்றறிதலும், கருதுகோளும், மாறிகளைக் கட்டுப்படுத்துதலும் உண்மையிலேயே தேவைப்படுகின்றன. நாற்பது நிமிடப் பாடத்தில் என்னால் ஊட்ட முடியாததை ஓர் அழுக்கடைந்த கார்டு ஊட்டியது.

இது பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதும் இல்லை. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனமும் என்விடியாவும் செயற்கை நுண்ணறிவு மையம் அமைப்பதாக அறிவித்த கூலாய், நம் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். அத்தகைய மையங்களில் கிராபிக்ஸ் சில்லுகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 16,384 சில்லுகளைக் கொண்டு 54 நாள் ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவித்தபோது எதிர்பாராத தடங்கல்கள் 419. அவற்றில் 148 சில்லுப் பழுது, 72 சில்லின் நினைவகப் பழுது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து “எது கெட்டது, ஏன் கெட்டது” என்று தேடிக்கொண்டுதான் இருக்கிறார். ஜொகூரில் அந்த வேலையைச் செய்யப்போவது யார்? நம் பிள்ளைகளாக ஏன் இருக்கக்கூடாது?

குப்பையையும் நினைக்க வேண்டும். 2022இல் உலகம் தூக்கி எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐக்கிய நாட்டு அமைப்புகளின் அறிக்கை. முறையாக மறுசுழற்சி ஆனது அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. பதினைந்து வெள்ளிப் பசையால் இன்னும் ஓராண்டு ஓடக்கூடிய பொருளை எறிவது பணத்துக்கும் மண்ணுக்கும் நட்டம்.

என் கோரிக்கை எளியது. ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழகமும் தவணைக்கு ஒரு நாளைப் பழுதுபார்க்கும் நாளாக நடத்தட்டும். மாணவர்கள் வீட்டில் பழுதானதைக் கொண்டுவரட்டும். சரியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. என்ன பார்த்தேன், எதைச் சந்தேகித்தேன், எதை மாற்றினேன், என்ன ஆயிற்று என்ற நான்கு வரிகளை எழுதினால் போதும்.

விதிகளும் உண்டு. திறக்குமுன் மின்செருகியைக் கழற்றுங்கள். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் பொருளைத் திறக்காமல் கடைக்கே கொண்டுபோங்கள். கார்டைத் தொடுமுன் ஓர் உலோகப் பரப்பைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை இறக்குங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எந்நாளும் திறக்காதீர்கள். செருகியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

அந்தக் கார்டு மேலும் பதினொரு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் அவரே வந்து சொன்னார். “டீச்சர், இந்தத் தடவை உண்மையாவே போச்சு. பயாஸ் திரையிலேயே கோடு வருது. கேபிள் மாத்திப் பார்த்தேன், கூட்டாளி வீட்டுக் கணினியில மாட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே கோடு.”

முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் யாரும் சொல்லி அவர் அதை நம்பவில்லை. தாமே சோதித்து அறிந்திருந்தார். பதினொரு மாதத்தில் அடுத்த கார்டுக்குப் பாதிப் பணமும் சேர்த்திருந்தார். மீதியை அப்பா தருவதாகச் சொன்னாராம்.